அந்த மண்சுவரைப் பூசிவிடாதீர்கள்

பூங்காக்கள், பள்ளி வளாகங்கள், குடியிருப்பு வளாகங்கள் ஆகியவற்றின் பராமரிப்பைக் கவனிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீங்கள் எல்லோரும் இந்தப் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் தெரிந்திருக்காது. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் ஒரு நொடி நிற்கும். சட்டென்று பக்கத்துப் பூவுக்குத் தாவும். கண் அதைப் பிடிப்பதற்குள் அங்கிருந்தும் காணாமல் போய்விடும். எங்காவது உட்கார்ந்தால்தான் ஆளைப் பார்க்க முடியும். முதுகில் பழுப்பு ரோமம், கறுத்த வயிற்றில் நீல நீலமாக வளையங்கள். வெயில் படும்போது அந்த நீலம் பச்சையாகவும் மாறித் தெரியும். நீலப்பட்டைத் தேனீ என்று இதைச் சொல்கிறார்கள். ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவலாக இருக்கிறது. அமெஜில்லா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பேரினத்தில் மட்டும் 250 இனங்களுக்கு மேல் உண்டு.

நான் தினமும் காலையில் நடக்கப் போகும் பூங்காவின் பின்பக்கத்தில் பழைய மண்சுவர் ஒன்று இருந்தது. இடுப்பளவு உயரம். மேற்பூச்சு எப்போதோ உதிர்ந்து, உள்ளே இருந்த களிமண் வெளியே தெரிந்தது. காலை வெயில் நேராக அதன்மேல் விழும். பார்ப்பவர்களுக்கு அது குட்டிச்சுவர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் ஷூ கயிறு கட்டக் குனிந்தபோது, பென்சில் நுழையும் அளவுத் துளை ஒன்றிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டியது. அப்புறம் ஒரு நீல வயிறு பின்னோக்கி வெளியே வந்தது. அன்றிலிருந்து நான்கு வருடம் அந்தச் சுவர் முன்னால் நின்றிருக்கிறேன். சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம்.

பிறகு ஒருநாள் காலையில் போனபோது சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது, கண்ணாடி போல வழவழப்பு. அந்த ஈரச் சிமெண்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து தேனீக்கள் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தன. பின்னங்கால்களில் மகரந்தம் மஞ்சளாக அப்பியிருந்தது. பூவிலிருந்து சுமையோடு திரும்பி வந்தவை அவை. சுவரை நெருங்கி வரும், விலகும், அரைவட்டம் அடித்து மறுபடி அதே இடத்துக்கு வரும். தன் துளை எங்கே இருந்ததோ அந்த இடத்துக்கே ஒவ்வொன்றும் வந்தது. ஒன்று உட்கார்ந்து பார்த்து, கால் ஈரத்தில் ஒட்ட, இழுத்துக்கொண்டு எழுந்தது.

கொத்தனார் என்னைப் பார்த்து, “என்ன சார் தேடுறீங்க?” என்றார். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் அவரும் பார்த்தார். “முன்னாடியே சொல்லியிருந்தா விட்டிருப்போமே சார்” என்றார். பூசாமல் மீதமிருந்த ஓரத்தில் நான்கு அடி அகலத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார். அவரை யாரும் விடச் சொல்லவில்லை.

அவர் சொன்ன அந்த வார்த்தைதான் இந்த மடலை எழுத வைத்தது. தெரிந்தே கெடுதல் செய்கிறவர்கள் என்று உங்களை நான் நினைக்கவில்லை. உங்களிடம் முன்னாடியே சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். இதோ, சொல்கிறேன்.

தேனீ என்றதும் நமக்கு அடை, ராணி, வேலைக்காரத் தேனீக்கள், தேன் எல்லாம் ஞாபகம் வரும். உலகத்தில் 20,000 இனங்களுக்கு மேல் தேனீக்கள் இருக்கின்றன. நாம் அடை என்று சொல்லும் மெழுகு வீட்டைக் கட்டித் தேனைச் சேர்த்து வைக்கும் ஏபிஸ் பேரினத்தில் உள்ளவை ஏறக்குறைய பத்தே இனங்கள்தான். மீதியில் மிகப் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. ராணி கிடையாது, வேலைக்காரி கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தன் வீட்டைத் தானே தோண்டி, தானே இரை சேர்த்து, தானே முட்டையிட்டு, தானே மூடுகிறது. அதிலும் பெரும்பாலானவை கூடு வைப்பது மண்ணில். மரத்திலும் பெட்டியிலும் தேடினால் அகப்படாது. நம் காலடியில், வரப்பில், சரிவில், இடிந்த சுவரில்தான் அவற்றின் வீடு.

நீலப்பட்டைத் தேனீ எப்படி வீடு கட்டுகிறது என்று சொல்கிறேன். இதைத் தெரிந்துகொண்டால், எதைச் செய்யக் கூடாது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

முதலில் இடம் தேடும். நல்ல வெயில், மழை நேராக அடிக்காத மறைவு, நகத்தால் கீறினால் கீறல் விழும் அளவுக்கு இளகிய களிமண். சுண்ணாம்புச் சாந்து உதிரத் தொடங்கிய செங்கல் சுவர் இடுக்கும் அதற்குப் பிடிக்கும். தாடையாலும் கால்களாலும் சுரண்டிச் சுரண்டி உள்ளே போகும். சுரங்கத்தின் கடைசியில் சின்னக் குடம் போல ஓர் அறை. அதன் உட்சுவரைத் தட்டி வழவழப்பாக்கி, உடம்பில் சுரக்கும் மெழுகு போன்ற ஒன்றைப் பூசும். மண்ணின் ஈரம் உள்ளே வராது, உள்ளே வைத்த உணவும் மண்ணோடு சேராது. அது போட்டுக்கொள்ளும் பூச்சு இது. இதற்கு நெருங்கிய உறவான அந்தோபோரா தேனீக்களில், குஞ்சு இரையைத் தின்று முடித்துவிட்டு இந்தப் பூச்சையும் சுரண்டித் தின்னும் இனங்கள் உண்டு. தாய் சுவரில் பூசியதும் பிள்ளைக்குச் சாப்பாடுதான்.

அறை தயாரானதும் மகரந்தமும் பூந்தேனும் கொண்டுவந்து சேர்க்கும். ஓர் அறைக்குப் பல தடவை போய்வர வேண்டும். பிள்ளை முட்டையிலிருந்து வெளிவந்து முழுதாக வளரும்வரை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் முதலிலேயே வைத்துவிடும். அதன்மேல் ஒரே ஒரு முட்டை. வாயை மண்ணால் அடைக்கும். அடுத்த அறையைத் தொடங்கும். தன் பிள்ளை முகத்தைப் பெரும்பாலும் அது பார்ப்பதே இல்லை. பிள்ளை வெளியே வரும்போது தாய் இருக்காது.

தேன்கூட்டின் ராணி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். தனித் தேனீக்களில் பல இனங்கள் ஆயுள் முழுக்கச் சேர்த்து இடுவது பத்து, இருபது, முப்பது என்ற கணக்குதான். ஒரு முழத் தரையை மூடினால் அவை இழப்பது எத்தனை என்று இதை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இதிலேயே இருக்கிறது. இதைத்தான் நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தேனீ வெளியே பறக்கும் காலம் சில வாரங்கள். மண்ணுக்குள் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக இருக்கும் காலம் அதைவிட அதிகம். குளிர்காலம் கடுமையாக இருக்கும் இடங்களில் பெரியவை எல்லாம் செத்துப்போய், புழுக்கள் மட்டும் மண்ணுக்குள் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து, வெயில் ஏறியதும் வெளியே வரும். அதனால் “இப்போ பூச்சி ஒண்ணும் இல்ல, வேலையை ஆரம்பிக்கலாம்” என்பது சரியான கணக்கு இல்லை. சுவர் வெறிச்சென்று இருக்கும் நாட்களில்தான் அடுத்த தலைமுறை மொத்தமும் அதற்குள் படுத்திருக்கிறது.

சரி, கொட்டாதா? உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. குழந்தைகள் விளையாடும் இடம். “வண்டு மொய்க்குது” என்று யாராவது புகார் சொன்னால் மருந்து அடிக்க ஆளைக் கூப்பிடுவீர்கள். தேனடையைத் தொட்டால் தேனீக்கள் துரத்துவதற்குக் காரணம், அங்கே காப்பாற்ற ஒரு கூட்டமும் சேமித்த தேனும் இருப்பதுதான். தனித் தேனீக்கு அப்படி எதுவும் இல்லை. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்து நசுக்கினாலோ துணிக்குள் சிக்கினாலோ தவிர அது கொட்டுவது அபூர்வம். நான்கு வருடம் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன், என்னை ஒன்றுகூடக் கொட்டியதில்லை. துளைக்கு நேர் எதிரே நின்றால் உள்ளே போக வழியில்லாமல் என் தோளுக்குப் பக்கத்தில் காத்திருக்கும். நகர்ந்ததும் உள்ளே போய்விடும்.

ஒரே சுவரில் முப்பது துளை இருப்பதால் கூட்டமாக வந்து தாக்கும் என்று நினைக்க வேண்டாம். நல்ல மண் அங்கே இருக்கிறது, அதனால் பக்கத்தில் பக்கத்தில் வீடு. குடும்பம் வேறு வேறு.

மாலை மங்கும் நேரத்தில் நீங்களே ஒருமுறை வந்து பாருங்கள். ஆண் தேனீக்களுக்கு வீடு கிடையாது. பொழுது சாயும்போது காய்ந்த செடித் தண்டு ஒன்றைத் தேடி வரும். முதலில் ஒன்று உட்காரும். தாடையால் தண்டைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் கால்களை விட்டுவிடும்! வாயால் மட்டும் பிடித்தபடி உடம்பைக் கிடையாக நீட்டித் தூங்கும். அடுத்தது வரும், இடம் போதாமல் கொஞ்சம் தள்ளும், அதுவும் கவ்விக்கொள்ளும். இருட்டுவதற்குள் ஒரே காய்ந்த தண்டில் வரிசையாக ஏழெட்டு நீல வயிறுகள். மறுநாளும் அதே தண்டுக்கே வரும். நான் பார்த்துவந்த தண்டை “காய்ந்த குப்பை” என்று ஒருநாள் வெட்டி எடுத்துவிட்டார்கள். அன்று மாலை அவை வெட்டிய இடத்துக்கு மேலே, தண்டு இருந்த உயரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. காய்ந்தது எல்லாம் குப்பை இல்லை. ஓரமாக ஒரு கொத்துத் தண்டை விட்டுவைப்பதில் யாருக்கும் எந்தக் கஷ்டமும் வராது.

இடத்தை இவ்வளவு துல்லியமாக எப்படி ஞாபகம் வைக்கின்றன என்று தோன்றும். புது வீட்டைவிட்டு முதல்முறை கிளம்பும் பெண் தேனீ நேராகப் போகாது. திரும்பி வீட்டைப் பார்த்தபடி இடமும் வலமுமாக அரைவட்டம் போடும், வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே பின்வாங்கும். பக்கத்தில் என்ன கல், என்ன செடி என்று படித்துக்கொள்கிறது. 1930களில், விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த நிக்கோ டின்பெர்கன் என்ற விஞ்ஞானி, மண்ணில் வளை தோண்டும் ஒரு குளவியிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். வளையைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக வைத்தார். குளவி வெளியே போன சமயம் அந்த வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். திரும்பி வந்த குளவி காய் வட்டத்தின் நடுவில் போய் வீட்டைத் தேடியது. தேனீக்களும் இப்படி அக்கம்பக்கத்து அடையாளங்களை வைத்துத்தான் வீட்டுக்கு வருகின்றன. துளைகள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தொட்டிகளை இடம் மாற்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பூச்சியால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். பிரயோஜனம் இருந்தால்தான் வாழ விட வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கேட்டால் பதில் இருக்கிறது. தக்காளி, கத்தரி போன்ற செடிகளின் பூவில் மகரந்தம் வெளியே தூவிக் கிடக்காது. மகரந்தப் பை உப்புக் குடுவை மாதிரி, நுனியில் சின்ன ஓட்டை மட்டும் இருக்கும். குலுக்கினால்தான் கொட்டும். காற்றும் ஓரளவு குலுக்கும். தேன் தரும் ஏபிஸ் தேனீக்களுக்கு இப்படிக் குலுக்கத் தெரியாது. நீலப்பட்டைத் தேனீக்குத் தெரியும். பறக்கும் தசைகளை அதிர வைத்து மகரந்தத்தைக் கொட்டச் செய்யும். அப்போது எழும் ரீங்காரம் பறக்கும்போது கேட்பதைவிட உச்சத்தில் இருக்கும், பக்கத்தில் நின்றால் நன்றாகவே கேட்கும். ஆஸ்திரேலிய நீலப்பட்டைத் தேனீயையும் வட அமெரிக்க பம்பிள் தேனீயையும் ஒப்பிட்டு 2016ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பம்பிள் தேனீ மகரந்தப் பையைத் தாடையால் கவ்விக்கொண்டு குலுக்குகிறது. நீலப்பட்டைத் தேனீ தலையாலேயே அதை முட்டுகிறது, ஒரு நொடிக்குச் சுமார் 350 தடவை. உங்கள் வளாகத்தில் யாரோ ஆசையாக வளர்க்கும் தக்காளிச் செடியில் காய் நன்றாகப் பிடித்தால், அதில் அந்த மண்சுவருக்கும் பங்கு இருக்கலாம்.

சுவரில் வேறொரு தேனீயும் சுற்றுவதைப் பார்ப்பீர்கள். கறுப்பு உடம்பில் பளீரென்று நீலம் அல்லது வெள்ளைப் புள்ளிகள். தைரியஸ் என்று பெயர். இது வீடு கட்டாது, மகரந்தம் சேர்க்காது. நீலப்பட்டைத் தேனீ வெளியே போன சமயம் அதன் கூட்டுக்குள் நுழைந்து முட்டையிட்டுவிடும், குயில் காக்கைக் கூட்டில் இடுவது போல. இதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். குயில் வருகிற அளவுக்குக் கூடுகள் இருக்கின்றன என்று அர்த்தம்.

இப்போது மருந்து பற்றி. கறையானுக்கென்று கட்டடத்தைச் சுற்றி மண்ணில் ஊற்றும் மருந்துகளில் இமிடாகுளோப்ரிட் ஒன்று. செடிகளுக்கும் அதை மண்ணில் விடுகிறார்கள். கனடாவில் குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூசணிப் பூக்களை நம்பி வாழும், மண்ணில் கூடு வைக்கும் தனித் தேனீ ஒன்றிடம் இதைச் சோதித்து 2021ல் வெளியிட்டார்கள். நடும்போது மண்ணில் இமிடாகுளோப்ரிட் விட்ட இடத்தில், விடாத இடத்தைவிட 85 சதவீதம் குறைவான கூடுகள், 89 சதவீதம் குறைவான குஞ்சுகள். மண்ணிலேயே பிறந்து மண்ணையே தோண்டும் பூச்சிக்கு மண்ணில் விடும் மருந்து இதைத்தான் செய்யும். கறையான் தொல்லை நிஜம், கட்டடத்தைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் கட்டடத்துக்குச் சம்பந்தமே இல்லாத பூங்கா ஓரத்திலும் வேலி ஓரத்திலும் “எதற்கும் இருக்கட்டும்” என்று விடுவதை நிறுத்துங்கள்.

தரையை மூடும் வழக்கத்துக்கும் அதே வேண்டுகோள்தான். பேவர் பிளாக், செயற்கைப் புல், களை வராமல் விரிக்கும் துணி, அதன்மேல் ஒரு சாண் மரச்சீவல். எல்லாமே பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. நடைபாதைக்குப் பேவர் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலி வரைக்கும், சுவர் வரைக்கும், ஒரு பிடி மண் தெரியாமல் போட வேண்டுமா? வெயில் படும் பக்கத்தில் ஒரு கட்டில் போடும் அளவு வெறும் மண் இருந்தாலே போதும். கொத்த வேண்டாம், உரம் வேண்டாம், தண்ணீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்செடிகள் கிட்டத்தில் இருக்கட்டும். தனித் தேனீக்களில் பெரும்பாலானவை வீட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் இரை தேடும். ஊரின் மறுகோடியில் பெரிய மலர்க் கண்காட்சித் தோட்டம் இருந்து இவற்றுக்கு லாபமில்லை.

சிலர் நல்ல மனதோடு தேனீப் பெட்டி வாங்கி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தேன் வேண்டுமென்றால் வையுங்கள். தனித் தேனீக்கு அதனால் உதவி இல்லை, அதே பூக்களுக்குப் போட்டிதான் கூடும். மூங்கில் குழாய் அடுக்கிய “தேனீ விடுதி” சில இனங்களுக்கு உதவும். இலையை வட்டமாக வெட்டிக்கொண்டு போகும் இலைவெட்டித் தேனீ அதில் குடியேறும். மண் தோண்டுபவை எட்டிக்கூடப் பார்க்காது. அவற்றுக்கு மண்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவில் நீலப்பட்டைத் தேனீக்காகவே களிமண்ணும் மணலும் கலந்து கட்டிகள் செய்து, விரலால் சில குழிகளைத் தொடங்கி வைத்து, மழை படாத மறைவில் வைக்கிறார்கள். வந்து குடியேறுகின்றன. இதைச் செய்ய வேலையாட்களுக்கு அரை நாள் போதும், பள்ளி வளாகம் என்றால் பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.

முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் டச்செட் பள்ளத்தாக்கைச் சொல்கிறேன். அங்கே குதிரைமசால் என்ற தீவனப் பயிரின் விதையை விளைவிக்கும் விவசாயிகள், மண்ணில் கூடு வைக்கும் ஆல்கலி தேனீ என்ற தனித் தேனீக்காகப் பல ஏக்கரை உழாமல் விட்டிருக்கிறார்கள். அடியில் ஈரம் இருக்கும்படி தண்ணீர் விடுகிறார்கள், மேலே உப்புத் தூவி அந்த ஈரத்தைக் காக்கிறார்கள். தேனீ பறக்கும் பருவத்தில் அந்தப் பக்கச் சாலையில் மெதுவாகப் போகச் சொல்லிப் பலகைகூட வைத்திருக்கிறார்கள். ஏக்கர் கணக்கில் அவர்களால் முடிகிறது. நான் கேட்பது கட்டில் அளவு.

பூசுவதற்கு, கொத்துவதற்கு, மருந்து அடிப்பதற்கு முன்னால் ஒரு நல்ல வெயில் காலையில் யாரையாவது பத்து நிமிடம் அந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். துளைகள் தெரிந்தால், கொத்தனார் செய்த மாதிரி அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதி வேலையை முடிக்கச் சொல்லுங்கள். சுவர் இடிந்து விழும் நிலையில் இருந்தால், பாதுகாப்புதான் முதலில். அப்போதும் அதை இடிப்பதற்கு ஒரு பருவம் முன்பாகவே பக்கத்தில் மண்கட்டிகளை வைத்துவிட்டால் அவை இடம் மாற ஒரு வாய்ப்பாவது கிடைக்கும். வேலை நடக்கும் தேதியை அறிவிப்புப் பலகையில் போடுங்கள். என்னைப் போல வேடிக்கை பார்ப்பவர்கள் ஒவ்வொரு பூங்காவிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்ததை வந்து சொல்வோம்.

கொத்தனார் விட்டுப்போன நான்கு அடி இன்னும் இருக்கிறது. இது இரண்டாவது வருடம். போன வாரம் எண்ணினேன், பதினொரு துளை. காலை எட்டு மணிக்கு வெயில் அந்த மூலைக்கு வருகிறது. உங்களில் யார் வந்தாலும் நான் அங்கே இருப்பேன். காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தினமும் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும் ஒருவர்